நிற்கும் எண்: ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது

கொழும்பு புறக்கோட்டை 4ஆம் குறுக்குத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் விலைப்பட்டியலில் நாற்பது வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்த விலை வேண்டும். வழமையாக நடப்பது இதுதான்: கல்குலேட்டரில் விலையை அடிப்பது, பிறகு ×, 1, புள்ளி, 1, 8, கடைசியில் சமன். விலையையும் சமனையும் விட்டுவிட்டால் வரிக்கு ஐந்து தட்டு, நாற்பது வரிக்கு 200 தட்டு. அந்த 200 தட்டும் வேண்டாத தட்டு. நேரம் போவதுகூடப் பரவாயில்லை. இருநூறில் ஏதோ ஓரிடத்தில் 1.18 என்பது 1.8 ஆகவோ 1.19 ஆகவோ விழும், விழுந்தது எந்த வரியில் என்று பிறகு தேட வேண்டும். அதுதான் உண்மையான நட்டம்.

சாதாரண மேசைக் கல்குலேட்டர் எதிலும் ஓர் எண்ணையும் ஒரு செய்கையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பாடப்புத்தகம் அதை மாறிலி என்கிறது. இங்கே அதை நிற்கும் எண் என்று சொல்கிறேன், ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்: அடித்த இரண்டு எண்களில் எது நிற்கிறது, எது போகிறது? இது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். இது தெரியாமல் இந்த வசதியைத் தொடவே கூடாது. தெரிந்துகொள்ள ஐந்து விநாடி போதும்.

3 × 4 = என்று அடியுங்கள். 12 வரும். எதையும் அழிக்காமல் 5 = என்று அடியுங்கள்.

15 வந்தால், முதலில் அடித்த 3 நின்றுவிட்டது. சிற்றிசன், கெனன், ஷார்ப் மேசை இயந்திரங்கள் பொதுவாக இப்படித்தான் நடக்கும். 1ஆம் குறுக்குத்தெருவில் கிடைக்கும் மலிவான இயந்திரங்களிலும் பல இந்த வகை. 20 வந்தால், இரண்டாவதாக அடித்த 4 நின்றிருக்கிறது. கணினியில் வரும் விண்டோஸ் கல்குலேட்டர் இப்படி. வெறும் 5 வந்தால் எதுவும் நிற்கவில்லை, நீங்கள் வெளிப்படையாகச் சொன்னால்தான் அந்த இயந்திரம் பிடித்துவைக்கும். கசியோ மேசை இயந்திரங்கள் இந்த மூன்றாம் வகை.

கசியோவிடம் சொல்லும் விதம், செய்கைப் பட்டனை இரண்டு தரம் அழுத்துவது. இரண்டாவது அழுத்தலில் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கே எழுத்து தோன்றும். அது தெரிந்தால் முதலில் அடித்த எண் நின்றுவிட்டது.

1.18 × × 5000 = → 5900
7250 = → 8555
12400 = → 14632

இரண்டாவது வரியிலிருந்து விலை, சமன், விலை, சமன். அவ்வளவுதான். தானாகப் பிடிக்கும் முதல் வகையில் ஒரு × போதும்: 1.18 × 5000 =, பிறகு 7250 =, 12400 =. இங்கே 1.18ஐ முதலில் அடிப்பது கட்டாயம். பழக்கத்தில் 5000 × 1.18 = என்று தொடங்கினால் நிற்பது 5000; அடுத்த வரியில் 7250 = என்றால் மூன்றரைக் கோடிக்கு மேல் வரும்.

பெருக்கலில் இது எளிது. கழித்தலிலும் வகுத்தலிலும்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள், அங்கே வரிசை முக்கியம் என்பதால். கசியோவில் எந்தச் செய்கையானாலும் விதி ஒன்று: முதலில் அடித்துப் பட்டனை இரண்டு தரம் அழுத்திய எண்தான் நிற்கும். கழித்தலில் அது மற்ற எண்ணிலிருந்து கழிக்கப்படும் எண். வகுத்தலில் அது வகுக்கும் எண். 1.18 ÷ ÷ 118000 = என்று அடித்தால் 118000ஐ 1.18ஆல் வகுத்து 100000 என்று காட்டும். காகிதத்தில் எழுதும் வரிசைக்கு இது நேர் எதிர். தானாகப் பிடிக்கும் வகையில் கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் இரண்டாவது எண் நிற்கும், எழுதும் வரிசையிலேயே அடிக்கலாம்: 118000 ÷ 1.18 =, பிறகு 8850 = என்றால் 7500, 2360 = என்றால் 2000. ஆக அந்த வகை இயந்திரத்தில் பெருக்கலுக்கு முதல் எண், மற்ற மூன்றுக்கும் பின் எண். மனதில் வைக்க இது கசியோவைவிடக் கடினம் என்பது என் கணிப்பு. கூட்டலுக்கு 5 + 3 = அடித்துப் பிறகு 10 = அடித்தால் 13 வரும், நிற்பது 3.

வற் சேர்ந்த விலையிலிருந்து வற்றைப் பிரிக்கும் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 1.18ஆல் வகுப்பதும் 0.8474576ஆல் பெருக்குவதும் ஒன்றே என்று யாரோ சொல்ல, அதைச் சுருக்கி 0.85 என்று நிறுத்திவிடுகிறார்கள். 118000க்கு 0.85 போட்டால் 100300 வரும், 300 ரூபா பிழை. 0.847 போட்டால் 99946, அதுவும் 54 ரூபா குறைவு. நிற்கும் எண் பிழையானால் எல்லா வரியும் ஒரே பக்கமாகப் பிழைக்கும், ஒன்றையொன்று ஈடுசெய்யாது. வகுத்தலை வகுத்தலாகவே நிறுத்துங்கள்.

இதே காரணத்துக்காக % பட்டனையும் இந்த வேலைக்குத் தொடாமல் இருப்பது நல்லது. 5000 + 18 % என்று அடித்தால் சில இயந்திரங்கள் 5900 காட்டும். கசியோ வகையில் பலவற்றில் 6097.56 வரும். இயந்திரம் பழுதில்லை. விற்கும் விலையில் 18 வீதம் இலாபம் இருக்கும்படி விலை வை என்று அது புரிந்துகொள்கிறது, அதாவது 5000ஐ 0.82ஆல் வகுக்கிறது. 197 ரூபா 56 சதம் கூடுதல். பில் எழுதுகிறவருக்கு அந்த எண் சந்தேகமாகப் படாது, அதுதான் பயம். வரிக்கென்று தனிப் பட்டன் உள்ள இயந்திரமானால் முதலில் 100 அடித்து வரி கூட்டும் பட்டனை அழுத்திப் பாருங்கள், 118 வர வேண்டும். வற் வீதம் 2019 டிசம்பரில் 8, 2022 யூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18 என்று மாறி வந்தது. 115 வந்தால், இயந்திரத்தில் பழைய வீதம் மாற்றப்படாமல் கிடக்கிறது.

சம்பளப் பட்டியல்தான் நிற்கும் எண்ணுக்கு மிகப் பொருத்தமான இடம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், தொழில் தருநர் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் தரும் 3 வீதம். ஆளுக்கு ஆள் குறுக்காகப் போனால் ஒவ்வொருவருக்கும் மூன்று தரம் வீதத்தை மாற்ற வேண்டும், நிற்கும் எண்ணால் பயன் எதுவும் இல்லை. மேலிருந்து கீழாகப் போங்கள். சம்பளம் 45000, 52500, 61750 என்றால்:

0.08 × × 45000 = → 3600
52500 = → 4200
61750 = → 4940

பட்டியல் முடிந்ததும், எல்லாவற்றையும் அழிக்கும் ஏ.சி. பட்டனை அழுத்தி, 0.12 × × போட்டு மறுபடி மேலிருந்து: 5400, 6300, 7410. பிறகு 0.03: 1350, 1575, 1852.50. சம்பளங்களின் மொத்தம் 159250. அதை 0.08ஆல் பெருக்கினால் 12740. முதல் நிரலின் மூன்று விடைகளைக் கூட்டினாலும் 12740. இந்தச் சரிபார்ப்பை ஒருபோதும் விடக்கூடாது, காரணம் நிற்கும் எண்ணோடு வேகமாகப் போகும்போது விரல் பிழைப்பதைவிடக் கண் ஒரு வரியைத் தாண்டுவதுதான் அதிகம். பட்டியல் மீது ஓர் அடிமட்டத்தை வைத்து, வரிக்கு வரி கீழே தள்ளிக்கொண்டு போனால் பாதிப் பிழை நின்றுவிடும்.

மொத்தம் கூட்ட ஜீ.ரீ. பட்டன் உள்ள இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. சமன் அழுத்தும் ஒவ்வொரு தரமும் விடை ஜீ.ரீ.யில் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் அந்தப் பட்டனை அழுத்தினால் 12740. தொடங்குமுன் திரையில் ஜீ.ரீ. அடையாளம் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய ஆளின் கணக்கும் உங்கள் மொத்தத்தில் ஏறும். சில இயந்திரங்களில் ஜீ.ரீ. ஒரு சறுக்குச் சுவிட்சாக இருக்கும், அது இயங்கும் நிலையில் இருந்தால்தான் சேரும். சேர்கிறதா என்று ஐயம் வந்தால் முதல் இரண்டு வரியோடு நிறுத்திப் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

இறக்குமதிச் செலவைப் பொருட்களுக்குப் பங்கிடும் கணக்கு கெய்சர் வீதிக்கும் பிரதான வீதிக்கும் தினசரி வேலை. இதற்கு ஈடான பயன் வேறு எந்தக் கணக்கிலும் கிடைப்பதில்லை என்று துணிந்து சொல்வேன். மூன்று வகைச் சரக்கு, கொள்வனவு விலை 640000, 1210000, 900000. மொத்தம் 2750000. கப்பல் கூலி, துறைமுகக் கட்டணம், லொறி எல்லாம் சேர்ந்து 385000. இப்படி அடியுங்கள்:

385000 ÷ 2750000 × × 640000 = → 89600
1210000 = → 169400
900000 = → 126000
ஜீ.ரீ. → 385000

முதல் × அழுத்தும்போதே 0.14 என்ற விகிதம் பிறந்துவிடுகிறது. இரண்டாவது × அதை நிறுத்துகிறது. தானாகப் பிடிக்கும் வகையில் ஒரு × போதும். இடையில் விகிதத்தைப் பார்க்க ஆசைப்பட்டுச் சமன் அழுத்தாதீர்கள். அழுத்தினால் அந்த 0.14உம் ஜீ.ரீ.யில் ஏறி, மொத்தம் 385000.14 என்று காட்டும். பதினான்கு சதம் எங்கிருந்து வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் கணக்கு இது. விகிதம் முடிவில்லாத தசமமாக இருந்தால் கடைசி இலக்கத்தில் ஒரு சதம் இழுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். அந்தச் சதத்தைப் பெரிய வரியில் சேர்த்து எழுதுவது வழக்கம்.

செட்டியார் தெரு நகைக் கணக்கு இதே வகைதான், ஆனால் அங்கே ஒரு தடங்கல் இருக்கிறது. கணக்கு இலேசாக இருக்க கிராம் 30000 ரூபா என்று கொள்வோம். 30000 × × 12.35 = 370500, 4.82 = 144600, ஒரு பவுன் 8 கிராம் என்பதால் 8 = 240000. தடங்கல் செய்கூலியில் வருகிறது. ஒரு நகையின் விலை வந்தவுடன் + அழுத்திக் கூலியைச் சேர்த்தால் கே போய்விடும், நிற்கும் எண்ணும் போய்விடும். வேறொரு செய்கைப் பட்டனைத் தொட்ட நொடியில் பழையது அழியும். ஆகவே முதலில் எல்லா நிறைகளையும் ஓட்டி விலையை எழுதிக்கொண்டு, பிறகு கூலியை ஒரு தனிச் சுற்றாகக் கூட்டுங்கள். நிறையைப் பிழையாக அடித்துவிட்டால் சீ அல்லது சீ.இ. மட்டும் ஒரு தரம். அது அப்போது அடித்த எண்ணை அழிக்கும், நிற்கும் எண்ணை விட்டுவைக்கும். ஏ.சி. தொட்டால் எல்லாம் போகும். இரண்டையும் ஒரே பட்டனில் வைத்திருக்கும் இயந்திரங்களில் ஒரு அழுத்து முதலாவது, இரண்டு அழுத்து இரண்டாவது. படபடப்பில் இரண்டு தரம் அழுத்திவிட்டு, விலைகள் மாறாமல் வெறும் நிறையாகவே திரையில் நிற்பதைப் பார்த்துத்தான் பலர் இதை அறிகிறார்கள்.

துணிக்கடைக்கு யாரை மீற்றராக்க 0.9144, 120 யார் 109.728 மீற்றர், 45 யார் 41.148. காணிக்கு ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. இவை ஒருமுறை நிறுத்தினால் அந்த நாள் முழுக்கப் போதும்.

இனி எண்ணை மாற்றாமல் சமனை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துவது. கசியோவில் 37.5 + + = என்றால் 75, மறுபடி = 112.5, மறுபடி = 150. ஒன்று முதல் பன்னிரண்டு வரை விலை அட்டை எழுத இதைவிட விரைவான வழி கையில் இல்லை. ஆனால் முதல் சமனிலேயே இரண்டாம் மடங்கு வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டிய எண்ணிக்கையும் மடங்கும் ஒன்றாக வேண்டுமானால் சைபரிலிருந்து தொடங்குங்கள்: 37.5 + + 0 = என்றால் 37.5, அடுத்த சமன் 75. தானாகப் பிடிக்கும் வகையில் 0 + 37.5 = என்று தொடங்கினால் அதே பலன். லொறியிலிருந்து நாட்டாமைகள் மூட்டை இறக்கும்போது எண்ணுவதற்கும் இதுவே: 1 + + 0, பிறகு மூட்டைக்கு ஒரு சமன். திரையில் நிற்பது இறங்கிய மூட்டை. நடுவில் யாரேனும் பேச்சுக் கொடுத்தாலும் எண்ணிக்கை திரையிலேயே இருக்கும்.

தவணை தேய்வதைப் பார்க்க 7500 − − 100000 = 92500, = 85000, = 77500 என்று இறங்கும். பதின்மூன்றாம் சமனில் 2500 மிஞ்சும், அது கடைசித் தவணை. தானாகப் பிடிக்கும் வகையில் 100000 − 7500 = = = என்று எழுதும் வரிசையிலேயே போகலாம்.

வட்டிக்கு வட்டி இதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மாதம் 2 வீதம் என்று சொன்னவுடன் ஆண்டுக்கு 24 என்று மனம் கணக்குப் போடும். 1.02 × × 100000 = 102000, = 104040, = 106120.80 என்று பன்னிரண்டு சமன் அழுத்துங்கள். 126824.18 வரும். கட்டாமல் விட்டால் ஆண்டுக்கு ஏறுவது 26.82 வீதம். ஒவ்வொரு மாதமும் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம் என்பதால், சூத்திரத்தை விட இந்த முறையைக் கடன் வாங்கப் போகிறவருக்குக் காட்டுவது நல்லது.

தொகை இல்லாமல் வெறும் அடுக்கு மட்டும் வேண்டுமானால் 1.02 × × = என்பது முதல் சமனிலேயே இரண்டாம் அடுக்கு. ஆகவே பன்னிரண்டாம் அடுக்குக்குப் பதினொரு சமன். தொகையோடு தொடங்கினால் பன்னிரண்டு, தொகையில்லாமல் பதினொன்று. இந்த ஒன்றுதான் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை. எண்ணுவதைக் குறைக்க ஒரு வழி: ஐந்து சமனில் ஆறாம் அடுக்கு 1.126162 வரும்; அங்கேயே × × = போட்டால் அது தன்னையே பெருக்கிப் பன்னிரண்டாம் அடுக்கு 1.268241 ஆகும். பதினொரு சமன் தட்டி வந்த விடையோடு இது ஒத்துப்போனால் எண்ணிக்கை சரி.

கணக்கியல் படிப்பவர்களிடையே கைமாறி வரும் ஒரு முறை, ஜீ.ரீ.யையும் இதையும் சேர்ப்பது. 1.02 ÷ ÷ 1 = என்றால் 0.980392. இது ஒரு மாதம் கழித்து வரும் ஒரு ரூபாவின் இன்றைய பெறுமதி. மேலும் பதினொரு சமன், ஆக மொத்தம் பன்னிரண்டு. இப்போது ஜீ.ரீ. அழுத்தினால் 10.57534. ஒரு லட்சத்தை அதனால் வகுத்தால் 9455.96, அதாவது குறைந்துவரும் மீதிக்கு மாதம் 2 வீதம் வட்டியில் ஒரு லட்சத்துக்கான மாதத் தவணை. அதே 2 வீதத்தை முழுத் தொகைக்கும் ஆண்டு முழுக்கப் போட்டுத் தவணை கேட்டால் 124000ஐப் பன்னிரண்டால் வகுத்து 10333.33 என்பார்கள். மாதம் 877 ரூபாவுக்கு மேல் வித்தியாசம், ஆண்டுக்குப் பத்தாயிரத்து ஐந்நூறுக்கு மேல். தவணைக்கு ஃபிரிஜ்ஜோ மோட்டார் சைக்கிளோ எடுக்குமுன் இந்தப் பதின்மூன்று தட்டையும் மேசையிலேயே செய்து பார்ப்பது அந்தப் பத்தாயிரத்துக்கு ஈடு. வகுக்கும் எண்ணே ஒரு கூட்டலாக இருக்கும் கணக்குகளுக்கும் ÷ ÷ உதவும்: 1000ஐ 25உம் 15உம் சேர்ந்த தொகையால் வகுக்க, 25 + 15 ÷ ÷ 1000 = என்றால் 25. காகிதத்தில் 40 என்று எழுதத் தேவையில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் சுவிட்சுகள் சரியாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் மேல்விளிம்பில் இரண்டு சறுக்குச் சுவிட்சுகள் இருக்கும்: ஒன்று தசம இடங்களுக்கு, மற்றது முழுமையாக்கும் முறைக்கு. அடுக்கும் விகிதமும் ஓட்டும்போது தசம இடங்களை வெட்டாத எஃப் நிலையில் வையுங்கள். தசமம் 2இல் நின்றால் 1.02இன் இரண்டாம் அடுக்கு 1.0404க்குப் பதில் 1.04 என்று தெரியும். சைபரில் நின்றால் சதங்களே தெரியாது. மோசமானது ஏ அல்லது அட் 2 என்று எழுதிய நிலை. ரூபா சதத்தை விரைவாகக் கூட்ட வைத்தது. அதில் புள்ளி அடிக்காத எண்ணுக்குக் கூட்டல் கழித்தலில் தானாக இரண்டு தசமம் விழும். 24 + + = அடித்து 48 வராமல் 0.48 வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அந்தச் சுவிட்சைப் பாருங்கள். எட்டு இலக்க இயந்திரம் இந்த நாட்டு விலைகளுக்குப் பற்றாது. 99999999க்கு மேல் போனால் ஈ எழுத்தோடு நின்றுவிடும், பத்து லட்சத்தைத் தாண்டும்போதே சதத்தில் ஓர் இலக்கம் போய்விடும். மேசைக்குப் பன்னிரண்டு இலக்கம் வாங்குங்கள்.

இனி, இந்த வசதியின் ஆபத்து. தானாகப் பிடிக்கும் இயந்திரத்தில் 1.18 × 5000 = 5900. விரல் தவறி சமன் இன்னொரு தரம் பட்டால் 6962. வரி இரண்டு தரம் ஏறிவிட்டது, ஆனால் எண்ணைப் பார்த்தால் நம்பும்படி இருக்கிறது. 5000 × 1.18 என்று மாற்றி அடித்திருந்தால் இரண்டாவது சமன் 29500000 காட்டும், யாருக்கும் உடனே உறைக்கும். ஒழுங்காக அடித்த வரிசையில்தான் பிழை ஒளிந்துகொள்கிறது. எனவே கல்லாவில், ஆட்கள் மாறி மாறித் தொடும் இடத்தில், கே இல்லாமல் எதையும் பிடிக்காத இயந்திரத்தை வைப்பதே என் தெரிவு. அதில் சமனைப் பத்துத் தரம் அழுத்தினாலும் 5900 தான். கணக்கறையில் ஒருவரே கையாளும் மேசைக்குத் தானாகப் பிடிப்பது சுகம்.

கசியோ வகைக்கும் அதன் ஆபத்து உண்டு, அது தேய்ந்த பட்டனில் வருகிறது. ஒரு தரம் அழுத்தியது இரண்டாகப் பதிந்தால் கேட்காமலே கே வந்துவிடும். கூட்டலிலும் பெருக்கலிலும் விடை மாறாது, யாரும் கவனிக்கமாட்டார்கள். 5000 − 1200 = என்பது −3800 ஆக வரும்; 1200 ÷ 4 = என்பது 300க்குப் பதில் 0.0033333 ஆகும். விடை தலைகீழாகவோ கழித்தல் குறியோடோ வந்தால் முதலில் திரையின் ஓரத்தில் கே இருக்கிறதா பாருங்கள்.

சமன் பட்டனைச் சோதிக்க 1 + + 0 போட்டு நிதானமாகப் பத்து அழுத்து. 10 நிற்க வேண்டும். 11 வந்தால் உள்ளே இருக்கும் இறப்பர் தேய்ந்திருக்கிறது, அந்த இயந்திரத்தை வட்டிக் கணக்குக்கு எடுக்க வேண்டாம். தானாகப் பிடிக்கும் வகையில் 0 + 1 என்று தொடங்கி அதே பத்து.

விஞ்ஞானக் கல்குலேட்டர்களில் வேலை, முந்தைய விடையை வைத்திருக்கும் ஆன்ஸ் பட்டன் மூலம் நடக்கிறது. 100000 = அடித்து, × 1.02 = அடித்தால் திரையில் ஆன்ஸ் × 1.02 என்று நிற்கும், அதன் பிறகு ஒவ்வொரு சமனும் ஒரு மாதம். ஐபோனில் சமனைத் திரும்ப அழுத்தும் வசதி ஐ.ஓ.எஸ். 18இல் போய், 2025 ஜனவரியில் வந்த 18.3இல் திரும்பியது. கையில் இருக்கும் வேறு எந்தப் போனுக்கும் அந்த 3 × 4 சோதனைதான். பக்கத்துக் கடையில் இரவல் வாங்கும் இயந்திரத்துக்கும் அதேதான்.

சொந்த இயந்திரத்தைச் சோதித்தால் விடையை அடிப்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்: 15, 20 அல்லது 5. கல்லாவில் புதிதாக உட்காருகிறவர் கேட்காமலே புரட்டிப் பார்த்துக்கொள்வார்.